கடைசி 128 பைட்டு: பாட்டும் பேரும் பற்றி ஒரு குறிப்பு

போன மாதம் வரிச்சிக்குடி வீட்டுக்குப் போயிருந்தபோது பரணில் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் கிடைத்தது. 2003-இல், கல்லூரியில் படிக்கும்போது வாங்கினது. 40 ஜிபி. ஓடாதுன்னு நினைச்சேன், ஓடிச்சு. உள்ளே ஐந்நூத்துச் சொச்சம் எம்பி3 பாட்டு. எல்லாம் சித்தப்பாவோட கேசட்டிலிருந்து நானே கம்ப்யூட்டருக்கு ஏத்தினது.

பாட்டு எல்லாம் நல்லாவே கேட்குது. ஆனா எது என்ன பாட்டு, யார் பாடினதுன்னு ஒண்ணும் தெரியலை. கோப்புப் பெயர் வெறும் நம்பர். உள்ளே எழுதி வைத்த விவரத்தைத் திறந்தால், தலையில் கொம்பும் புள்ளியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள். காரைக்கால் பக்கம் சில வீடுகளில் பழைய பிரெஞ்சுப் பள்ளிப் புத்தகம் கிடக்கும் பாருங்க, அதைக் கிழிச்சுக் கலைச்சுப் போட்ட மாதிரி.

தொழில் புரோகிராம் எழுதுறது. ஒரு ராத்திரி உட்கார்ந்தா சரி பண்ணிடலாம்னு ஆரம்பிச்சேன். சரி பண்ணியும் விட்டேன். அதற்கப்புறம்தான் 2003-இல் நான் என்ன செஞ்சு வெச்சிருக்கேன்னு தெரிஞ்சது. அதைச் சொல்லணும்னா ஒரு பாட்டோட பேரை யார் யார் எங்கெங்கே எழுதி வெச்சாங்க என்கிற கதையையும் சேர்த்துச் சொல்லணும்.

முப்பது பைட்டுப் பெட்டி

எம்பி3 என்கிற கோப்பு வகைக்கு அந்தப் பெயரை ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வகத்துக்காரங்க முடிவு பண்ணினது 1995 ஜூலை 14. (எங்க ஊர்ல பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் குடும்பங்களுக்கு வேறு காரணத்துக்காகத் தெரிந்த தேதி.) ஒலியை எப்படிச் சுருக்குறதுன்னு ரொம்ப யோசிச்சவங்க, பாட்டோட பேரை எங்கே எழுதுறதுன்னு யோசிக்கலை. கோப்புக்குள் அதற்கு இடமே இல்லை.

1996-இல் எரிக் கெம்ப் என்பவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கோப்பின் கடைசியில் 128 பைட்டு ஒட்டிவிடுவது. அடையாளத்துக்கு 3 பைட்டு. பாட்டுப் பெயருக்கு 30, கலைஞருக்கு 30, ஆல்பத்துக்கு 30, வருஷத்துக்கு 4, குறிப்புக்கு 30, வகைக்கு 1. இதற்கு ஐடி3 என்று பெயர். கடைசியில் ஏன்? முதலில் வைத்தால் பழைய மென்பொருள்கள் குழம்பும். கடைசியில் வைத்தால், புரியாத மென்பொருள் அதையும் ஒலின்னு நினைச்சு ஒரு சின்ன 'க்ரிச்' சத்தத்தோட முடிச்சுடும். பாட்டு கெடாது.

கெட்டிக்கார வேலை. ஆனா அந்தப் பெட்டிகளைப் பாருங்க. இசையமைப்பாளருக்குப் பெட்டி இல்லை. பாட்டு எழுதியவருக்குப் பெட்டி இல்லை. 'கலைஞர்' ஒரே ஒருத்தர். வகைக்கு முதலில் கொடுத்த 80 பெயரில் போல்கா உண்டு, ஆசிட் ஜாஸ் உண்டு, கிறிஸ்தவ ராப்கூட உண்டு. கர்நாடக இசை இல்லை. நம்ம சினிமாப் பாட்டை 'சவுண்ட்டிராக்' என்று ஒப்பேத்த வேண்டியதுதான்.

முப்பது பைட்டில் தமிழ் எவ்வளவு பிடிக்கும்? இன்றைய யூனிகோடு முறையில் (யுடிஎஃப்-8) ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட்டு. மெய்க்குத் தனி, அதன்மேல் ஏறும் உயிர்க்குறிக்குத் தனி, புள்ளிக்கும் தனி. ஆக, பெட்டிக்குப் பத்துக் குறி. 'இளையராஜா' எட்டுக் குறி, 24 பைட்டு, உட்கார்ந்துவிடுவார். 'எம்.எஸ்.விஸ்வநாதன்' 50 பைட்டு, பாதிதான் உள்ளே. 'கே.வி.மகாதேவன்' 38, அவருக்கும் இடமில்லை. 'வரிச்சிக்குடி' கண்ணுக்கு ஏழு எழுத்து, கணக்குக்கு 13 குறி, 39 பைட்டு. முப்பதில் வெட்டினால் 'வரிச்சிக்க' என்று நிற்கும். எங்க ஊரே அந்தப் பெட்டியில் அடங்காது.

2003-இல் நான் பயன்படுத்தினது யூனிகோடு இல்லை, திஸ்கி. 1990-களின் கடைசியில் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் குழுவில் விவாதித்து உருவாக்கிய குறியீடு. ஆங்கிலத்துக்குக் கீழ்ப்பாதி, தமிழுக்கு மேல்பாதி, எழுத்து வடிவத்துக்கு ஒரு பைட்டு. அதில் அதே விஸ்வநாதன் 14 பைட்டில் முடிந்துவிடுவார். அந்தச் சிக்கனம் அன்றைக்குத் தேவையாக இருந்தது. ஆனால் திஸ்கி எழுத்துரு இல்லாத கணினியில் அது கொம்பு முளைத்த ஐரோப்பியமாகத்தான் தெரியும். தமிழுக்கு யூனிகோடில் 1991-லேயே இடம் கிடைத்திருந்தாலும், நம்ம கையில் இருந்த விண்டோஸ் 98-க்கு அது எட்டலை.

திரும்ப மாற்றுவதில் ஒரு சிக்கல் உண்டு. திஸ்கி கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் எழுதும். 'கொ' என்றால் முதலில் ஒற்றைக்கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். யூனிகோடில் முதலில் க, பிறகு ஒகரக் குறி. என் நிரல் கொம்பைக் கண்டால் அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்கும். சில பாட்டுகளின் முதல் வரி நீளம். சரியாக முப்பதாவது பைட்டில் கொம்பு வந்து, அடுத்த எழுத்து வெட்டுப்பட்டுப் போயிருந்தது. நிரல் வராத எழுத்துக்காகக் காத்துக்கிட்டு நின்னுடுச்சு. அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அந்த ஒரு கொம்போட மல்லுக்கட்டினேன்.

கடைசியில் பேர் சொல்வது

பாட்டோட கடைசியில் பேரை ஒட்டுவது 1996-இல் பிறந்த யோசனை இல்லை. 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் ஃப்ரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். பாட்டு முடிந்ததும் அந்த அம்மா தன் பெயரை இங்கிலீஷில் உரக்கச் சொல்லி முடிப்பார். தட்டு அச்சடிப்பது ஜெர்மனியின் ஹானோவரில். அங்கே இருக்கிறவங்களுக்கு எந்த மெழுகுத் தட்டு யாருடையதுன்னு தெரியணும், சரியான லேபிளை ஒட்டணும். அதற்காகத்தான் இந்த வழக்கம் என்பார்கள். மூணு நிமிஷத் தட்டில் சில விநாடியைப் பெயருக்காக ஒதுக்கியிருக்கிறார்கள்.

அதைவிடப் பழைய உதாரணம் எங்க ஊர்க்காரங்ககிட்டயே இருக்கு. காரைக்கால் அம்மையார். ஆறாம் நூற்றாண்டு வாக்கில் வாழ்ந்தவர் என்பார்கள். திருவாலங்காட்டைப் பாடிய மூத்த திருப்பதிகங்களின் கடைசிப் பாட்டில் தன்னைக் 'காரைக்கால் பேய்' என்று சொல்லிக்கொள்கிறார். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் பாட்டுக்குள்ளேயே. இதே சாலையில் வடக்கே போனால் வரும் சீர்காழியின் சம்பந்தரும் அப்படித்தான். ஒவ்வொரு பதிகத்தின் கடைசிப் பாட்டிலும் தன் ஊர், தன் பெயர். அதற்குத் திருக்கடைக்காப்பு என்றே பெயர். கீர்த்தனைகளில் வரும் முத்திரையும் இதே வழிதான்.

இதில் ஒரு புரோகிராமர் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கு. பேரைப் பாட்டுக்கு வெளியே ஒட்டினால் கழன்றுவிடும். சந்தத்துக்குள் வைத்துத் தைத்துவிட்டால், பாட்டு போகிற இடமெல்லாம் பேரும் கூடப் போகும். ஓலை பெயர்த்து எழுதுறவர் யாராக இருந்தாலும் அதை விட முடியாது, விட்டால் பாட்டே உதைக்கும்.

உள்ளே தைக்க முடியாதது என்ன ஆச்சு? பண். பாட்டுக்கு வெளியே நின்ற விவரம் அது. திருமுறை கண்ட புராணம் சொல்கிற கதை தெரிந்திருக்கும். தில்லையில் ஓலைகளைத் திறந்து பார்த்தால் பெரும்பகுதி கறையான் அரித்துக் கிடந்தது. மிஞ்சினதற்கும் என்ன பண்ணில் பாடுவதுன்னு தெரியலை. கடைசியில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணை எருக்கத்தம்புலியூரில் கண்டுபிடித்து, அவரைக் கொண்டு பண் வகுத்தார்களாம். வரலாறா புராணமா என்பதை விடுங்க. ஓலையில் போன விவரம் ஒரு ஆளிடம் மிஞ்சி இருந்தது என்பதுதான் அந்தக் கதை.

பாடினவங்க பேரை ராஜராஜன் கல்லிலேயே வெட்டி வைத்தான். தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பிடாரர். பேர் பேராகக் கல்வெட்டில் இருக்கிறார்கள். 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு அதைவிட விவரம்: பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு. சம்பளக் கணக்குக்காக எழுதினதுதான். ஆனாலும் ஆயிரம் வருஷம் கழித்து அவங்க பேரைச் சொல்ல முடியுது.

கடல் தாண்டி வந்த பேர்கள்

இப்போ சித்தப்பா கேசட்டுக்கு வர்றேன்.

காரைக்கால் கரையில் 1970-களில் பாட்டு என்றால் இலங்கை வானொலிதான். காரணம் பூகோளம். மத்திய அலை நிலத்தின் மேல் போவதைவிட உப்புத் தண்ணீர் மேல் நன்றாகப் போகும். கடல் நீர் மின்சாரத்தை நல்லாக் கடத்தும் என்பதால் அலை அதிகம் தேயாது. எங்களுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவில் வெறும் தண்ணீர்தான். 1952-க்குப் பிறகு கேஸ்கர் மந்திரியாக இருந்த காலத்தில் ஆகாசவாணி சினிமாப் பாட்டை ஒதுக்கி வைக்க, ரேடியோ முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பின பழக்கம் அப்புறமும் போகலை.

அங்கே அறிவிப்பாளர்களே நட்சத்திரங்கள். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம். பாட்டுக்கு முன்னாலோ பின்னாலோ படம், பாடியவர், இசை, பாடலாசிரியர் என்று சொல்லிவிடுவார்கள். ஐடி3-யில் இல்லாத ரெண்டு பெட்டியும் அவங்க வாயில் இருந்தது. டீக்கடையில் கேட்டவனுக்கும் எது கண்ணதாசன், எது வாலி, எது மருதகாசின்னு தெரிஞ்சதுக்கு இதுவும் ஒரு காரணம். வடக்கேயும் ரேடியோதான் பேரை வாங்கிக் கொடுத்தது. 1949-இல் 'மஹல்' படப் பாட்டுத் தட்டில் பாடியவர் பெயர் 'காமினி' என்று இருந்தது. அது படத்தில் வரும் பாத்திரத்தின் பெயர். நேயர்கள் ரேடியோவுக்கு எழுதிக் கேட்டுத்தான் லதா மங்கேஷ்கர் பெயர் வெளியே வந்தது.

பாட்டோட பேர் மட்டுமா? விரும்பிக் கேட்ட நேயர்களின் பெயரையும் ஊரோட வாசிப்பார்கள். சித்தப்பா கடுதாசி போட்டுக்கிட்டே இருப்பாராம். சிங்கப்பூரிலிருந்து மாமா ஒருத்தர் கொண்டுவந்த டூ-இன்-ஒன் வீட்டில் இருந்தது. ரேடியோவிலிருந்து நேராகக் கேசட்டில் பதியலாம். அப்படிச் சேர்ந்ததுதான் அந்த முப்பது நாற்பது கேசட். அட்டையில் படப் பெயர் மட்டும் பேனாவில் எழுதியிருப்பார். பாடினவர், எழுதினவர் எல்லாம் உள்ளே குரலாகவே இருந்ததால், அட்டையில் எழுதவேண்டிய தேவை அவருக்கு இல்லை.

2003-இல் நான் செய்தது

அந்தக் கேசட்டுகளை நான் டேப்பிலிருந்து கம்பி இழுத்து, சவுண்ட் கார்டில் செருகி, ஒரு கோடை விடுமுறை முழுக்க ஏத்தினேன். ஒரு பக்கத்துக்கு நாற்பத்தஞ்சு நிமிஷம். அப்புறம் அலைவடிவத்தைத் திரையில் போட்டு, பாட்டு பாட்டா வெட்டணும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் யாரோ பேசிக்கிட்டே இருந்தாங்க. அதுக்கு நான் வெச்ச பேர் 'தொந்தரவு'. எம்பி3 என்றால் சுத்தமாகப் பாட்டு மட்டும் இருக்கணும், அதுதான் அன்றைய நாகரிகம். ஒவ்வொண்ணாத் தேர்வு செஞ்சு அழிச்சேன்.

ஐந்நூறு பாட்டு என்றால் கிட்டத்தட்ட ஐந்நூறு அறிவிப்பு.

அப்புறம் ஐடி3 நிரப்பினேன். பாட்டு, படம். கலைஞர் பெட்டியில் பாடினவரா இசையமைப்பாளரா என்று குழம்பி, பாதியில் ஒருத்தர், பாதியில் இன்னொருத்தர். பாடலாசிரியருக்குப் பெட்டி இல்லையேன்னு விட்டுட்டேன். ஆனா குறிப்புப் பெட்டி 30 பைட்டு காலியாத்தானே இருந்தது? 'கண்ணதாசன்' திஸ்கியில் ஏழே ஏழு பைட்டு. தாராளமாக இடம் இருந்தது.

அந்தப் பெட்டியில் நான் என்ன எழுதியிருந்தேன்னு போன மாதம் நிரல் காட்டிக் கொடுத்தது. அத்தனை கோப்பிலும், குறிப்புப் பெட்டியில், அன்றைக்கு இணையத்தில் நான் வைத்துக்கொண்டிருந்த பட்டப்பெயர். ஏத்தினது நானாம். பாட்டு எழுதினவனை விட்டுட்டு, கம்பி செருகினவன் பேரைப் போட்டிருக்கேன்.

அந்தக் காலத்தில் நான் மட்டும் இப்படி இல்லை. இணையத்தில் சுற்றின தமிழ்ப் பாட்டில் பாதிக்குக் கலைஞர் பெட்டியில் ஏதோ ஒரு தளத்தின் முகவரிதான் இருக்கும். வெளிநாட்டில் இன்னொரு கூத்து. சாதாரண ஆடியோ சிடிக்குள் பாட்டுப் பெயர் கிடையாது. 1993-இல் டி கான் தொடங்கிய சிடிடிபி என்ற தரவுத்தளம், பாட்டுகளின் நீளத்தை வைத்து இது எந்தச் சிடி என்று கண்டுபிடிக்கும். பெயர்களை உலகம் முழுக்கச் சாதாரண ஜனங்கள் சும்மா உட்கார்ந்து தட்டச்சு செய்து கொடுத்தார்கள். அது பிறகு கிரேஸ்நோட் என்ற கம்பெனியாகி, 2008-இல் சோனி சுமார் 26 கோடி டாலருக்கு வாங்கியது. தட்டச்சு செஞ்சவங்க பேர் அந்தக் கணக்கில் வரலை.

நேர் எதிர் உதாரணமும் நம்மிடமே உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கின மதுரைத் திட்டம். பிறகு யூனிகோடுக்கு மாறிய மின்னூல்கள். ஒவ்வொரு நூலின் முகப்பிலும் தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்பு பார்த்தவர் யார் என்று எழுதியிருக்கும். கர்நாடக இசைக் கச்சேரிப் பதிவுகளைச் சேர்க்கும் சங்கீதப்ரியாவில் பாட்டுக்குப் பாட்டு ராகம், தாளம், இயற்றியவர் என்று பட்டியல் போட்டிருப்பார்கள். எல்லாம் தன்னார்வலர்கள் செய்வது. பெட்டி சின்னதாக இருந்த அதே காலத்து ஆட்கள்தான் அவங்களும். என்னை மாதிரி வெட்டித் தள்ளலை.

பச்சைக் கேசட்

2011 வாக்கில் ஒருநாள் சித்தப்பா கேட்டார்: "தம்பி, அந்தப் பச்சை அட்டைக் கேசட்டு எங்க? அதுல நம்ம ஊர்ப் பேரும் என் பேரும் வரும்."

"எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு சித்தப்பா, எடுத்துத் தர்றேன்" என்றேன். கேசட்டுகள் அதற்கு முன்னாலேயே பழைய பேப்பர்காரரிடம் போயிருந்தன. எதை ஏத்தினேன், எதை வெட்டினேன் என்பது அப்போது எனக்கு நினைவிலேயே இல்லை. சாவகாசமாகத் தேடலாம்னு தள்ளிப்போட்டேன். இப்போதான் தேடினேன்.

கடைசி நேரத்தில் சோம்பல்பட்டு, சில கேசட்டுகளைக் கையால் வெட்டாமல், சத்தம் குறையும் இடத்தில் தானாக வெட்டும் மென்பொருளிடம் விட்டிருக்கேன். அது அத்தனை சுத்தம் இல்லை. பதினோரு கோப்பின் வாலில் அறிவிப்பாளர் குரல் ரெண்டு விநாடி, மூணு விநாடி ஒட்டிக்கிட்டு இருக்கு. ஒண்ணில் மூச்சு மட்டும். ஒண்ணில் "இசையமைத்தவர்". ஒண்ணில் ஒரு பெண் குரல் "காரைக்கால்" என்று சொல்லி, அதோடு வெட்டு.

சித்தப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். ரெண்டு தடவை கேட்டார்.

"அது நானா இருக்காது தம்பி. காரைக்கால்லேர்ந்து எத்தனையோ பேரு எழுதிப் போடுவாங்க" என்றார். ஏன் வெட்டினே என்று கேட்கலை. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அப்புறம் அந்தப் பாட்டு ஓடி முடிந்ததும், யாரும் கேட்காமலே, அறிவிப்பாளர் மாதிரியே சொல்லிக்கிட்டுப் போனார். படம் இது, பாடியவர்கள் இவங்க, இசை இன்னார், பாட்டு எழுதினது இன்னார். அடுத்த பாட்டைப் போட்டேன். அதற்கும் சொன்னார். ஐம்பது வருஷமாக ரேடியோ சொன்னது அப்படியே உள்ளே இருக்கு.

வரிச்சிக்குடியிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில், காரைக்காலை ஒட்டித் தருமபுரம் இருக்கு. சம்பந்தர் யாழ்முறி பாடின தலம். யாழில் அடங்காத பதிகம் அது. நரம்பில் வாசிக்க முடியாமல் யாழ்ப்பாணர் கருவியையே உடைக்கப் போனாராம். சம்பந்தர் தடுத்து, கருவியில் வந்த அளவுக்கு வாசிங்க என்று திருப்பிக் கொடுத்தார் என்கிறது பெரியபுராணம். சின்ன வயசில் இதைச் சாமி கதையாகக் கேட்டிருக்கேன். இப்போ நினைச்சா, எந்தக் கருவியிலும் முழுசும் அடங்காது, அதுக்காகத் தூக்கிப் போடக் கூடாது என்கிற சாதாரண விஷயமாத் தெரியுது.

ஆகவே இப்போ நடக்கிற வேலை இது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் பண்ணுவேன். ஒரு பாட்டைப் போடுவேன். சித்தப்பா நாலு பேரைச் சொல்வார். அவர் சொல்வதையும் பதிவு செய்கிறேன், வெட்டாமல். எழுத்தில் இருப்பதைச் சரிபார்த்து, ஐடி3-யின் இரண்டாம் பதிப்பில் ஏத்துகிறேன். 1998-இல் வந்த அந்தப் பதிப்பில் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் தனிப் பெட்டி உண்டு, முப்பது பைட்டு வரம்பும் இல்லை. கூடவே ஒரு சாதாரண உரைக்கோப்பிலும் எழுதி வைக்கிறேன், நாளைக்கு ஐடி3-யும் கொம்பு முளைத்துப் போனால் அதாவது இருக்கட்டும். இதுவரைக்கும் 84 பாட்டு முடிந்திருக்கு.

குறிப்புப் பெட்டியில் என் பட்டப்பெயரை அழிச்சாச்சு. அங்கே இப்போ 'கேட்டுப் பதிந்தவர்' என்று சித்தப்பா பெயரும், பக்கத்தில் வரிச்சிக்குடி என்று முழுசாக 39 பைட்டும் இருக்கு.